உன் ரீடிங்கை அழிக்காதே!

தம்பி, தங்கச்சி, முதலில் அந்த ரப்பரைக் கீழே வை.

தனி ஊசல் பரிசோதனை. ஸ்டாண்டில் நூல், நூல் முனையில் குண்டு, கையில் ஸ்டாப் வாட்ச். 20 அலைவுக்கு எத்தனை விநாடி என்று எடுத்தாய், சூத்திரத்தில் போட்டாய். புவியீர்ப்பு முடுக்கம் 9.4 என்று வந்தது. புத்தகத்தில் 9.8. உடனே உனக்கு வியர்த்துவிட்டது. பக்கத்து மேசையை எட்டிப் பார்த்தாய். அவனுக்கு 10.8 வந்து, அவனும் உன்னைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து போன வருஷத்து அண்ணனின் ரெக்கார்டு நோட்டைத் திறந்தீர்கள். அங்கே 9.81 சிவப்பு மையில் டிக் வாங்கி உட்கார்ந்திருக்கிறது. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, விநாடிகளைத் திருத்தி, 'ஆன்சர்' வரவழைத்து, கையெழுத்தும் வாங்கியாயிற்று.

இதை நம் பள்ளிக்கூடங்களில் யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. சாமர்த்தியம் என்கிறோம். நான் திருட்டு என்றுதான் சொல்வேன், திருடு போனது உன் சொத்து என்பதால். உன் கண் பார்த்ததையும் உன் கை அளந்ததையும் பொய் என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய். பதினாறு வயதில் ஸ்டாப் வாட்ச் முன்னால் இப்படித் தலைகுனிந்து பழகியவன், முப்பது வயதில் மேலதிகாரி முன்னால் எப்படி நிமிர்வான்?

சரி, அந்த 9.4-ஐக் கையில் எடு. அது உனக்கு என்ன சொல்ல வந்தது என்று கேட்டாயா?

ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம் வரைக்கும் அளக்க வேண்டும். நீ நூல் முடியும் கொக்கியோடு நிறுத்திக்கொண்டு 48 சென்டிமீட்டர் என்று எழுதினாய். மையம் வரைக்கும் போயிருந்தால் 50. அந்த 2 சென்டிமீட்டரை விட்டதற்கு இயற்கை கொடுத்த ரசீதுதான் 9.4. வேறெந்த எண்ணையும் அது கொடுத்திருக்க முடியாது. பக்கத்து மேசைக்காரன் குண்டை விடும்போதே 'ஒன்று' என்று எண்ண ஆரம்பித்தான். பூஜ்யத்தில் தொடங்கியிருக்க வேண்டும். அவன் இருபது என்று நிறுத்தியபோது உண்மையில் பத்தொன்பது அலைவுகள்தான் முடிந்திருந்தன. அதனால் 10.8. இன்னொருத்தி உற்சாகத்தில் குண்டை 60 பாகை வரை இழுத்து விட்டாள். அவளுக்கு 8.5 வரும். ஏனென்றால் நீங்கள் மனப்பாடம் செய்த சூத்திரம் சின்னக் கோணத்துக்கு மட்டும்தான் செல்லும். 60 பாகையில் ஒவ்வோர் அலைவும் சூத்திரம் சொல்வதைவிடச் சுமார் 7 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும்.

மூன்று மேசைகளிலும் இயற்கை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னது. கேள்வியில்தான் கோணல். அந்தக் கோணலைக் கண்டுபிடிப்பதற்கான துப்பு முழுவதும் அந்த எண்ணுக்குள் இருந்தது. நீ அதை ரப்பரால் அழித்தாய்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். நீ கும்பிட்டு விழுந்தாயே, அந்த 9.8? அதுவே உன் ஊர் எண் அல்ல. நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83. சென்னையில் 9.78-ஐ ஒட்டித்தான் இருக்கும். புத்தகம் தன் வசதிக்காக முழுமையாக்கி அச்சிட்ட ஓர் எண்ணுக்காக நீ அளந்த எண்ணைக் கொன்றிருக்கிறாய்.

துருவத்துக்கும் நடுக்கோட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதே, தன் ரீடிங்கை அழிக்க மறுத்த ஒருவரால்தான் முதலில் தெரியவந்தது. ழான் ரிஷே என்பவரை பிரெஞ்சு அறிவியல் கழகம் தென்னமெரிக்காவின் கயேனுக்கு அனுப்பியது. 1672-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். பாரிஸில் விநாடி தவறாமல் ஓடிய ஊசல் கடிகாரம் கயேனில் ஒரு நாளைக்கு இரண்டு நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியது. நட்சத்திரங்களை வைத்துச் சரிபார்த்தார். மறுபடி பார்த்தார். பல மாதங்கள் பார்த்தார். ஊசலை 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்கினால்தான் கடிகாரம் சரியான நேரம் காட்டியது. ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லை. யார் கேட்கப்போகிறார்கள்? வெப்பத்தில் உலோகம் நீண்டுவிட்டது என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கப்பல் ஏறியிருக்கலாம். அவர் அளந்ததை அளந்தபடியே எழுதினார். பாரிஸ் திரும்பிய பிறகு, அளவெடுத்ததில்தான் தவறு இருக்க வேண்டும் என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். 1687-ல் நியூட்டனின் பிரின்சிப்பியா வந்தது. பூமி முழு உருண்டை அல்ல, நடுவில் புடைத்திருக்கிறது என்று அதில் வாதாடிய நியூட்டன், சாட்சிக் கூண்டில் ஏற்றியது அந்த 3 மில்லிமீட்டரைத்தான்.

பூமியின் உருவத்தையே மாற்றி எழுதிய அளவு அது. உன் நோட்டில் அழிந்தவை எத்தனையோ.

'அதெல்லாம் பெரிய மனிதர்கள் சமாச்சாரம்' என்று நீ முனகுவது காதில் விழுகிறது. பெரிய மனிதர்களுக்கும் முதலில் வியர்க்கத்தான் செய்யும். ராலே பிரபு என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1890-களில் நைட்ரஜன் வாயுவை எடை போட்டுக்கொண்டிருந்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் அவருடைய கண்ணாடிக் குடுவையில் 2.310 கிராம் இருந்தது. அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜன் அதே குடுவையில் 2.299 கிராம். பதினொரு மில்லிகிராம் வித்தியாசம். அரை சதவீதம்! நம் ஆய்வகங்களில் அரை சதவீதப் பிழை வந்தால் இனிப்பு வாங்கிக் கொடுப்பார்கள். அந்த மனிதர் தூக்கம் கெட்டார்.

அவர் அடுத்துச் செய்த காரியத்தைத்தான் நீ நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் அவருக்குக் கிடைத்த வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதைக் குறைக்க அவர் வழி தேடவில்லை, கூட்ட வழி தேடினார். பரிசோதனை முறையை மாற்றினார், வித்தியாசம் ஐந்து மடங்கு பெரிதாக எழுந்து நின்றது. ஒவ்வாத எண் ஒன்று தலைகாட்டினால் அதைத் தொலைத்துக்கட்டத்தான் முதலில் மனம் துடிக்கும், அது தப்பு, அதை ஊதிப் பெரிதாக்கிக் காரணம் தேட வேண்டும் என்பது அவர் பிற்பாடு தெளிவாகச் சொல்லிப்போன கருத்து. 1892-ல் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதி, எனக்கு இது புரியவில்லை, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஊரறியக் கேட்டார். புகழின் உச்சியில் இருந்தவர், புரியவில்லை என்று அச்சில் போட்டார்! வகுப்பில் கை தூக்கக் கூசுகிறாயே நீ.

1894-ல் வில்லியம் ராம்சேயும் அவரும் சேர்ந்து அந்த அரை சதவீதத்துக்குள் ஒளிந்திருந்ததைப் பிடித்தார்கள். ஆர்கான். காற்றில் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒரு பங்கு இருக்கும் வாயு. மனிதன் பிறந்த நாள் முதல் மூக்கு வழியாக உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தது, ஒருவருக்கும் தெரியாமல். ஒருவருக்கும் என்று சொல்வது முழுக்கச் சரியல்ல. 1785-ல் ஹென்றி கேவண்டிஷ் காற்றிலிருந்த நைட்ரஜனையெல்லாம் மின்பொறி கொடுத்து அகற்றியபோது, கடைசியில் போகாமல் அடம்பிடித்த ஒரு குட்டிக் குமிழியைப் பார்த்தார். 120-ல் ஒரு பங்குக்கு மேல் இருக்காது என்று எழுதியும் வைத்தார். அது என்னவென்று அவருக்குத் தெரியாது. தெரியாததையும் எழுதி வைத்தார், பார். அந்தக் குமிழி நூறு வருஷத்துக்கு மேல் காகிதத்தில் காத்துக் கிடந்தது. ராலேயும் ராம்சேயும் 1904-ல் நோபல் பரிசு வாங்கினார்கள்.

தங்கச்சி, இனி வருவது குறிப்பாக உனக்கு. 'எங்க வீட்ல லேப் இல்ல, காலேஜுக்கு அனுப்புவாங்களான்னே தெரியல' என்கிறாயே, உனக்கு.

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற பெண். 1862-ல் பிறந்தவள். இயற்பியல் என்றால் உயிர். ஆனால் அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழக வாசல் திறக்கவில்லை. தம்பி படிக்கப் போனான். அக்கா வீட்டில் தங்கி, நோயாளிகளான பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, சமையலறையில் நின்றாள். அந்தச் சமையலறைத் தண்ணீர்த் தொட்டியையே உற்றுப் பார்த்தாள். எண்ணெய்ப் பசையும் சோப்பும் தண்ணீரின் மேற்பரப்பை என்னவோ செய்கின்றன. தினமும் கோடிப் பெண்கள் பார்த்த காட்சி. இவள் அளந்தாள்.

எதை வைத்து? 70 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு தகரத் தொட்டி. அதன் குறுக்கே ஒரு தகரப் பட்டை. பட்டையைத் தள்ளினால் தண்ணீர்ப் பரப்பு குறுகும், இழுத்தால் விரியும். ஒரு சின்னத் தராசில் 6 மில்லிமீட்டர் வட்டத் தகட்டைத் தொங்கவிட்டு, தண்ணீரிலிருந்து அதைப் பிய்த்தெடுக்க எவ்வளவு எடை வேண்டும் என்று பார்த்தாள். அவ்வளவுதான் கருவி. வயது இருபதை ஒட்டி. அழுக்குப் படலம் ஒரு குறிப்பிட்ட பரப்பைவிட விரிந்திருக்கும்வரை தண்ணீரின் பரப்பு இழுவிசை சுத்தமான தண்ணீரைப் போலவே இருக்கிறது, அந்த எல்லைக்குக் கீழே குறுக்கினால் சடாரென்று விழுகிறது என்று கண்டாள். ஏறத்தாழப் பத்து வருஷம் தானே அளந்து தானே வைத்துக்கொண்டாள். தம்பி அனுப்பும் புத்தகங்களும் இதழ்களும்தான் வெளியுலகம். ராலே பிரபு இதே விஷயத்தில் வேலை செய்கிறார் என்று தெரிந்ததும், 1891 ஜனவரியில், முன்பின் தெரியாத அந்த இங்கிலாந்துக்காரருக்கு ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுதினாள்.

பட்டம் இல்லை, பதவி இல்லை, சிபாரிசு இல்லை. கடிதத்தில் அளவுகள் இருந்தன. ராலே அதை மொழிபெயர்க்கச் செய்து, தன் முன்னுரையோடு 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். அந்த மார்ச்சிலேயே அச்சில் வந்துவிட்டது. பிற்காலத்தில் இர்விங் லாங்மூர் அந்தத் தொட்டியின் திருத்திய வடிவத்தில் வேலை செய்து 1932-ல் நோபல் வாங்கினார். அதே ஆண்டு, எழுபது வயதான ஆக்னஸுக்கு அவளுடைய ஊர்த் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. தாமதம்தான். அநியாயமான தாமதம். அவளுடைய நோட்டில் இருந்த எண்களோ இருபது வயதிலேயே சரியாக இருந்தன. அவற்றுக்கு யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை.

இவ்வளவு நல்ல மனிதரான ராலேயும் ஒரு விஷயத்தில் பார்க்காமலே பேசிவிட்டார். கடல் ஏன் நீலம்? வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிக்கிறது, தண்ணீரின் நிறத்துக்கும் ஆழ்கடலின் நீலத்துக்கும் சம்பந்தமில்லை என்று 1910 வாக்கில் சொல்லிவிட்டார். வானம் ஏன் நீலம் என்ற கேள்விக்கு உலகத்துக்கே பதில் கொடுத்தவர் சொன்னால் யார் மறுப்பார்?

திருச்சியில் பிறந்த ஒருவர் மறுத்தார். 1921-ல் இங்கிலாந்து போய்த் திரும்பிக்கொண்டிருந்தார் சி.வி.ராமன். கப்பலின் பெயர் நர்குண்டா. மத்தியதரைக் கடலின் அந்த அடர்நீலத்தைப் பார்த்தபோது ராலேயின் விளக்கம் அவருக்கு இடித்தது. இடித்ததோடு விட்டிருந்தால் அது வெறும் அபிப்பிராயம். சட்டைப்பையில் நிகோல் பட்டகம் வைத்திருந்தார் மனிதர். தண்ணீர்ப் பரப்பில் ஏறக்குறைய 53 பாகைச் சாய்வில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிரும், பட்டகத்தைச் சரியான கோணத்தில் திருப்பினால் அந்தப் பிரதிபலிப்பை முழுக்க அணைத்துவிடலாம். இது கோட்பாடு, புத்தகத்தில் இருப்பது. ராமன் கப்பல் மேல்தளத்தில் நின்று பட்டகத்தைத் திருப்பினார். பிரதிபலித்த வானம் அணைந்தது. கடல்? முன்னைவிடப் பளீரென்று நீலமாகவே இருந்தது. கப்பல் பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த செப்டம்பர் 26 தேதியிட்டு 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டார். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு எழுதலாம் என்று காத்திருக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனி. ராமன் கோட்பாட்டைத் தூக்கி எறியவில்லை. ஒரு கோட்பாட்டை இன்னொரு கோட்பாட்டின் துணையோடு, கண்ணை நடுவில் நிறுத்தி விசாரித்தார். தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்றார். அந்தப் பாதையில் நடந்துதான் 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஆனால் கடலின் நீலத்தைப் பற்றி அவர் சொன்னதும் கடைசி வார்த்தை ஆகவில்லை. தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதுதான் அந்த நீலத்துக்கு முக்கியக் காரணம், சிதறல் அந்த ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது என்பது இன்றைய விளக்கம். நோபல் வாங்கியவரையும் கடல் திருத்தியது. அவமானம் ஒன்றுமில்லை இதில்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, 'ஆமாம், புத்தகமெல்லாம் பொய், என் கண்ணால் பார்த்ததுதான் மெய்' என்று மீசையை முறுக்கிக்கொண்டு கிளம்பிவிடாதே. வாட்ஸ்அப்பில் அப்படிப் புறப்பட்ட பட்டாளம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. மார்கழி விடியலில் மரக்கதவில் ஒரு கை, இரும்பு கேட்டில் ஒரு கை வை. இரும்பு ஜில்லென்று கடிக்கும். 'இரும்புதான் குளிர்ச்சி' என்று சத்தியம் செய்வாய். இரண்டிலும் வெப்பமானியை வைத்தால் ஒரே எண்ணைக் காட்டும். இரும்பு உன் கையின் சூட்டை வேகமாக உறிஞ்சுகிறது, உன் தோல் அந்த வேகத்தைக் குளிர் என்று தப்பாகப் படிக்கிறது. அனுபவம் என்பது உன்னிடம் உள்ள சாட்சி, நீதிபதி அல்ல. அதையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அதற்குத்தான் கணக்கு, கருவி, கோட்பாடு எல்லாம்.

சில இடங்களுக்குக் கண்ணால் போகவே முடியாது. ராமனின் அண்ணன் மகனும் ஒரு கப்பல் ஏறினான். 1930, வயது 19, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த பையன். சித்தப்பா கடலைப் பார்த்தார். இவன் காகிதத்தைப் பார்த்தான். எரிந்து முடிந்த நட்சத்திரம் வெண்குறுமீனாகச் சுருங்குவதைப் பற்றி அதுவரை போட்டிருந்த கணக்கில் ஐன்ஸ்டீனின் சார்பியலைச் சேர்த்துப் பார்த்தான். ஒரு வரம்புக்கு மேல் எடை இருந்தால் அந்த நட்சத்திரத்தால் தாக்குப்பிடிக்கவே முடியாது என்று விடை வந்தது. சூரியனைப் போலச் சுமார் 1.4 மடங்கு என்று இன்று சொல்கிறோம். அப்படியானால் அது மேலும் மேலும் சுருங்கி என்னதான் ஆகும்? பொது அறிவுக்கு ஒவ்வாத கேள்வி.

1935 ஜனவரியில் லண்டனில், அன்றைய வானியலின் மாமலையான எடிங்டன், நிறைந்த சபையில் அந்தக் கணக்கைக் கேலி செய்தார். நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை விடாது என்பது அவர் கட்சி. சபை சிரித்தது. பையனுக்கு 24 வயது. பெரிய பெரிய இயற்பியலாளர்கள் தனிப்பட்ட முறையில் 'உன் கணக்குதான் சரி' என்றார்கள், மேடையேறிச் சொல்ல வரவில்லை. அவன் கணக்கை அழிக்கவில்லை. எடிங்டனைத் திட்டிக்கொண்டு திரியவும் இல்லை. முழுவதையும் ஒரு புத்தகமாக எழுதி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனான். 1983-ல் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உன் ரெக்கார்டு நோட்டில் வாத்தியார் ஒரு மதிப்பெண் குறைத்ததற்கு நீ எத்தனை நாள் அழுதாய்?

வாத்தியார் குறைக்கத்தான் செய்வார். அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அவரை நோகாதே. வந்த எண்ணை எழுது. அதற்குக் கீழே, ஏன் இப்படி வந்திருக்கலாம் என்று நாலு வரி எழுது. அந்த நாலு வரியில்தான் நீ இருக்கிறாய். மேலே உள்ள சூத்திரம் எல்லோர் நோட்டிலும் ஒன்றுதான்.

பேசியது போதும், வேலை கொடுக்கிறேன். 'உச்சி வெயில் தலைக்கு நேராக அடிக்குது' என்று தினமும் சொல்கிறோம். பொய். தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் வருஷத்துக்கு இரண்டே இரண்டு நாள்தான் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். நிழலில்லா நாள் என்பார்கள். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளை ஒட்டி வரும். ஜூன் மாதத்தில் சென்னைக்கு நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது, நிழல் தெற்கே விழுகிறது. எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

ஒரு மீட்டர் குச்சியை மொட்டைமாடியில் நடு. கடிகாரத்தின் 12 மணியை நம்பாதே, சென்னையில் பெரும்பாலான நாட்களில் உண்மையான நண்பகல் அதைத் தாண்டிச் சில நிமிடங்கள் கழித்துத்தான் வரும். நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைப் பிடி. ஜூன் 21 அன்று நிழல் சுமார் 18 சென்டிமீட்டர், டிசம்பர் 21 அன்று சுமார் 74 சென்டிமீட்டர் இருக்கும் என்பது என் கணக்கு. பூமியின் அச்சுச் சாய்வான 23.4 பாகையோடு டிசம்பரில் சென்னையின் அட்சரேகையைக் கூட்டினேன், ஜூனில் கழித்தேன், வந்த கோணத்துக்கு டேன்ஜென்ட் எடுத்தேன். நீ மதுரையிலோ நாகர்கோவிலிலோ இருந்தால் உன் ஊருக்கு உன் கணக்கை நீயே போட்டுக்கொள்.

டிசம்பரில் உனக்கு 71 வந்தால், குச்சி நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு கட்டிப் பார். குச்சி நேராக நின்றால் தரைமட்டத்தைப் பார். தரையும் சரியாக இருந்தால், என் கணக்கைப் பிடி.